மாதத்துக்கு ஒரு தலைமையாசிரியர்

ஓய்வு பெற்ற பிறகு யாரும் நம்மை எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்று நம்பித்தான் பொன்னேரியில் மாடி வீடாகப் பார்த்துக் குடிபோனேன். மூட்டுவலியை வைத்துக்கொண்டு மாடி எதற்கு என்று மகள் கத்தினாள். எனக்கு ஏறுவது கஷ்டம் என்றால் வருகிறவர்களுக்கும் கஷ்டம்தானே என்பது என் கணக்கு. கணக்கு தப்பிவிட்டது. போன மாதம் பிரபா மூச்சிரைக்க ஏறி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே, "மேடம், நீங்க எங்களுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்" என்றாள்.

பிரபா, நான் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள். எங்கள் வேலை தலைமையாசிரியர்களைத் தயார் செய்வது. நன்றாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவரைத் திடீரென்று தலைமையாசிரியராக்கி, கையில் ஒரு சாவிக்கொத்தும் ஒரு முத்திரையும் கொடுத்தால் என்ன செய்வார்? நாற்காலியில் ஒரு துண்டு விரிப்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றாது. பாவம், அவர்மேல் தப்பில்லை. அதனால் அவருக்குப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி வேண்டும் என்று முடிவு செய்து, எங்களை மாதம் ஒரு முறை ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் எங்களை மென்ட்டர் மேடம் என்றார்கள். சிலர் சென்டர் மேடம் என்றார்கள். ஒரு டீக்கடைக்காரர் கடைசி வரைக்கும் என்னைச் சத்துணவு மேடம் என்றே நினைத்திருந்தார்.

இப்போது அதெல்லாம் காணொளியில் நடக்கிறதாம். பஸ் பிடிக்க வேண்டாம், வெயிலில் நடக்க வேண்டாம், தலைமையாசிரியர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் போதும். "நேர்ல போனாத்தான் தெரியும்னு சொல்வீங்களே மேடம், அப்படி நேர்ல என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டாள் பிரபா. நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இது. காணொளியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை மட்டும்தான் பார்க்க முடியும். நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதை நான் நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்வியியலில் முதுகலை, அதன் பிறகு கல்வி நிர்வாகத்தில் அஞ்சல் வழியில் இன்னொரு பட்டம். சனி, ஞாயிறுகளில் சென்னைக்குப் போய் விதவிதமான தலைமைகளைப் படித்தோம். தேர்வில் எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றும் நினைவில்லை. நினைவில் இருப்பது உண்டு உறைவிடப் பயிற்சியில் நடந்த ஒரு விளையாட்டு மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிக்கொள்வார், அதன் மூலம் நம்பிக்கை வளரும். நான் சாய்ந்த நேரத்தில் என் பின்னால் நின்ற சாருக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. என் மூட்டுவலியின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

எங்கள் நிறுவனத்தின் முதல்வர் சதாசிவம் சார். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் நாலாக மடித்த கைக்குட்டை. நல்லவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் ஒரு பதிலை வாங்குவது, கல்லில் நார் உரிக்கிற வேலை. வழிகாட்டி என்பவர் கேள்விதான் கேட்க வேண்டும், பதில் சொல்லக் கூடாது, பதில் தலைமையாசிரியருக்குள்ளேயே இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டார். அதை வழிகாட்டிகளுக்கான விதியாக மட்டும் வைத்திருந்தால் பரவாயில்லை. வாழ்க்கைக்கே வைத்துக்கொண்டார். "சார், நாளைக்கு லீவு வேணும்" என்று போய் நின்றால், "லீவு எடுத்தா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்பார். நடந்ததைச் சொன்னால், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "அப்புறம்?" என்பார். அப்புறத்துக்கு அப்புறமும் ஒரு "அப்புறம்?" வரும். சாப்பிட என்ன வேண்டும் என்று அவர் மனைவி கேட்டால் என்ன சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் யோசித்ததுண்டு.

பள்ளிக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற முறையையும் அவர்தான் வகுத்தார். முதலில் வாசலில் கொஞ்ச நேரம் யார் கண்ணிலும் படாமல் நின்று, பிள்ளைகளும் ஆசிரியர்களும் எப்படி உள்ளே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு தலைமையாசிரியரோடு பள்ளியை ஒரு சுற்று நடக்க வேண்டும். சமையலறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் வரும். உட்காரச் சொன்னாலும் நடந்து முடிக்கும் வரை உட்காரக் கூடாது. பிறகு அவர் அறையில் உட்கார்ந்து முதல் கேள்வி: "போன மாசம் நீங்க என்ன செய்யறதா சொன்னீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நாம் முதலில் பேசக் கூடாது. கிளம்பும் முன் அடுத்த மாதத்துக்குள் செய்யப்போகும் ஒரு காரியத்தைத் தலைமையாசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வழிகாட்டியும் தன் பங்குக்கு ஒன்று செய்வதாகச் சொல்லலாம் என்று ஒரு வரி கடைசியில் இருந்தது. அந்த வரியை நாங்கள் யாரும் கண்டுகொண்டதில்லை.

எனக்குக் கொடுத்த பள்ளிகளில் ஒன்று பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு குப்பத்து நடுநிலைப் பள்ளி. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்றைக்கும் எனக்கு நண்டு கொடுத்தனுப்பும் வீடுகள் உண்டு, அது நின்றுபோவதில் எனக்கு விருப்பமில்லை. திருப்பாலைவனத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் எதிர்க்கரைக் குடிசைகளிலிருந்து படகில் வந்துபோவார்கள்.

முதல் முறை போனது ஜூன் மாதத்தில். யார் கண்ணிலும் படாமல் வாசலில் நிற்பது என்பது குப்பத்தில் நடக்கிற காரியமில்லை. நின்ற இரண்டாவது நிமிடம் நாய் வந்தது, பிறகு பிள்ளைகள், பிறகு இறால் கூடையோடு ஒரு அம்மா. "யாரு வூட்டுக்கும்மா? பொண்ணு பாக்கவா?" என்றாள். பள்ளிக்கூடத்தைப் பார்க்க என்றேன். "பள்ளிக்கூடத்த இன்னாத்துக்குப் பாக்கணும்? அது பாட்டுக்கு அங்கதான கீது" என்று சொல்லிவிட்டு, என்னைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனாள். சதாசிவம் சாரின் முறை அத்தோடு ஆரம்பத்திலேயே அடிபட்டது.

தலைமையாசிரியர் நாற்காலியில் ஏசுதாஸ் சார் இருந்தார். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப்போனதால் மூத்தவரான இவரிடம் பொறுப்பு வந்திருந்தது. அதே குப்பத்துக்காரர், கணக்கு ஆசிரியர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் அவருக்கு மாமன் மச்சான் முறை. காலையில் வழிபாட்டை நேரத்துக்குத் தொடங்கப்போவதாகச் சொன்னார். மகிழ்ச்சியாகத் திரும்பினேன்.

ஜூலையில் போனால் நாற்காலியில் கலைவாணி டீச்சர் இருந்தார். பொன்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், அறிவியல் ஆசிரியை, முகத்துக்கு நேரே பேசுகிற ரகம். ஏசுதாஸ் சார் விடுப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முறைப்படி கேட்டேன்.

"போன மாசம் நீங்க என்ன செய்யறதா சொன்னீங்க?"

"நான் ஒன்னும் சொல்லலையே மேடம்."

வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே இரக்கப்பட்டு, படகு விஷயத்தைச் சொன்னார். பிற்பகலில் ஏரியில் காற்று கிளம்பிவிடும், பிள்ளைகளை ஏற்றும் முன் யாராவது ஒருவர் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் படகு கிளம்ப வேண்டும், அதை நான் செய்யப்போகிறேன் என்றார். அன்று மாலையே செய்தார். படகு கிளம்பும் வரை வெயிலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஏற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆகஸ்டில் நாற்காலியில் பாபு சார். இளைஞர், உடற்கல்வி ஆசிரியர், பேசும்போதே உட்கார முடியாமல் எழுந்துவிடுவார். பிள்ளைகளைக் கபடியில் மாவட்ட அளவுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். படகுத் துறைக்கு யார் போகிறார்கள் என்று கேட்டேன். "அது டீச்சரோட விஷயம் மேடம், நம்மளது இல்ல" என்றார். என்ன பள்ளிக்கூடம் இது, தலைமையாசிரியர் எப்போதும் விடுப்பில் இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

செப்டம்பரில் மறுபடி ஏசுதாஸ் சார். அப்பாடா என்று உட்கார்ந்து, போன மாதம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், நீங்க கேக்கறது நான் உக்காந்த போன தடவையா, நீங்க வந்த போன தடவையா?"

"ரெண்டும் ஒன்னுதானே சார்?"

"அது எப்டி மேடம்? நடுவுல ரெண்டு பேரு உக்காந்து எழுந்தாச்சே."

பிறகு பெருமையாக விளக்கினார். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் கிடைத்துவிடாது. நல்ல இடங்கள் என்று சில உண்டு. அந்த இடங்களில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் முறையில் இன்னொருவர் வலை இறக்கக் கூடாது, இறக்கினால் அபராதம். அதைத்தான் இவர்கள் தலைமையாசிரியர் நாற்காலிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"எச்.எம். வேல ஒரே ஆளு தலைல வுழுந்தா அவன் செத்தான் மேடம். அதான் சீட்டு போட்டோம். ஜூன் எனக்கு, ஜூலை டீச்சருக்கு, ஆகஸ்ட்டு பாபுவுக்கு. திரும்ப நானு. எங்க நைனா காலத்துலேர்ந்து ஏரில இப்டிதான் நடக்குது, சண்ட சச்சரவு கெடையாது."

எனக்குத் தலை சுற்றியது. ஏரி வேறு, பள்ளிக்கூடம் வேறு என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம். "ஏரியும் பள்ளிக்கூடமும் ஒன்னுன்னு நினைக்கிறீங்களா சார்?" என்றேன்.

"ஆமா மேடம்" என்றார், சந்தோஷமாக.

விதிகளையும் அப்படியே எடுத்திருந்தார்கள். ஒருவருடைய மாதத்தில் மற்றவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, ஒரு உத்தரவும் போடக் கூடாது. மீறினால் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். பாபுவின் மாதத்தில் அறைக்குள் இருந்த பூகோள உருண்டையை எடுக்க வேண்டி வந்தபோது, கலைவாணி டீச்சர் வாசலிலேயே நின்று நீளக் குச்சியால் உருட்டி எடுத்தாராம். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு அக்டோபரில் போய்விட்டது. அது கலைவாணி டீச்சரின் மாதம். என்னோடு துறைக்கு நடந்து வந்தவர், படகு கிளம்பிய பிறகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இந்த மாசம் நான் நிக்கறேன். அடுத்த மாசம் பாபு மாசம், யாரும் வர மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகைலதான் வாடைக் காத்து அடிக்கும். காத்துக்கு இது உன் மாசம், அது என் மாசம்னு தெரியுமா?"

"நீங்களே நிரந்தரமா பொறுப்ப எடுத்துக்கலாமே?" விதியை மீறிச் சொல்லியே விட்டேன்.

"எப்படி எடுக்கறது? ஏசுதாஸ் சார் சீனியர், ஊர்க்காரர். அவரா வேணாம்னு எழுதிக் கொடுத்தாத்தான் அடுத்து எனக்கு வரும். நேத்து வந்த பொன்னேரிக்காரி நானு, போய்க் கேட்டா நாற்காலிக்கு அலையறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

ஏசுதாஸ் சாரிடம் தனியாகப் போய், எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதிதானே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானா எப்டி மேடம் வேணாம்னு சொல்றது? எங்க வூட்ல வாசல்ல போர்டு மாட்டிட்டாங்க. ஏசுதாஸ், தலைமையாசிரியர்னு. பெயிண்ட்டு அடிச்சாச்சு." அவர் மனைவியைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு எதிரில் பெயிண்ட்டை அழிக்க எனக்கும் தைரியம் வராது. ஆக, அவர் சொல்லாமல் இவர் கேட்க மாட்டார், இவர் கேட்காமல் அவர் சொல்ல மாட்டார். நடுவில் எதிர்க்கரைப் பிள்ளைகள் காற்றை நம்பிப் படகில் போய்வந்தார்கள்.

இதைச் சதாசிவம் சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவர் அறைக்குப் போனேன். அவர் மேசையில் என் மாத அறிக்கைகள் விரிந்திருந்தன. எங்கள் படிவத்தில் தலைமையாசிரியரின் பெயரை எழுத இடம் கிடையாது. தனிமனிதர் முக்கியமில்லை, பதவிதான் முக்கியம் என்பது சாரின் கொள்கை. அவர் கண்கள் பளபளத்தன.

"இந்தக் குப்பத்துத் தலைமையாசிரியரப் பாருங்க. ஜூன்ல மென்மையானவர், யாரையும் கடிஞ்சு பேச மாட்டார்னு எழுதியிருக்கீங்க. ஜூலைல கண்டிப்பானவர், நேரடியாப் பேசறவர். ஆகஸ்ட்ல பிள்ளைங்களோட கபடி ஆடறார். ஒரே மனுஷன்கிட்ட எவ்வளவு வளர்ச்சி!"

"சார், அது ஒருத்தர் இல்ல சார். மூணு பேரு."

அவர் கைக்குட்டையை நெற்றிக்குக் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். "ஒவ்வொரு தலைவருக்குள்ளயும் மூணு பேரு இருக்காங்க, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அதை எழுதி வைத்துக்கொண்டார்.

"இல்ல சார், நெஜமாவே மூணு..."

"அப்புறம்?"

அப்புறம் என்ன, சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகளை அழைத்துக்கொண்டு நவம்பரில் அவரே அந்தத் தலைமையாசிரியரை நேரில் பார்க்க வருவதாக முடிவாயிற்று. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பொறுப்பு ஏசுதாஸ் சார் பெயரில் இருக்கிறது. விஷயம் வெளியே வந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், சொந்த ஊரிலேயே அந்த மனிதர் தலை குனிந்து நிற்பார். குப்பத்துக்குப் போன் போட்டேன். அன்று ஒரு நாளைக்காவது ஏசுதாஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கெஞ்சினேன். "பாபு மாசத்துலயா? அது எப்டி மேடம், முறைன்னா முறைதான்" என்றார் அந்தச் சாது.

அவர்களோடு நானும் போன நாளில் காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. நாற்காலிக்குரிய பாபு சாருக்கு, அதிகாரிகள் வருகிறார்கள் என்று கேட்டதுமே வயிறு கலக்கி, காட்டூரில் அக்கா வீட்டில் படுத்துவிட்டாராம். அறை திறந்து கிடந்தது. நாற்காலி காலி. வாசலுக்கு ஒரு பக்கம் ஏசுதாஸ் சாரும் மறுபக்கம் கலைவாணி டீச்சரும், கோயில் வாசலில் துவாரபாலகர்கள் மாதிரி நின்றார்கள். இருவரும் உள்ளே போகவில்லை.

"தலைமையாசிரியர் எங்கே?" என்றார் சதாசிவம் சார்.

"வருவாரு சார்" என்றார் ஏசுதாஸ் சார், ஏரிப் பக்கம் பார்த்து.

வகுப்புகளைப் பார்த்தார்கள், சத்துணவைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள், தலைமையாசிரியர் வரவில்லை. சென்னை அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வடக்கே வானம் கறுத்தது. படகுக்காரர் பழனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"பசங்கள வுடுங்க, இப்ப எடுத்தா அந்தாண்ட போய்டலாம். இன்னும் கொஞ்சம் நின்னா வாடை புட்சிக்கும்."

ஏசுதாஸ் சார் நாற்காலியைப் பார்த்தார். பழனியைப் பார்த்தார். பழனி அவர் மனைவியின் தம்பி. மச்சானிடம் மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை. எதிர்க்கரைப் பிள்ளைகள் அதற்குள் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். காற்றில் வேப்ப மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாராவது ஒருவர் போ என்றோ போகாதே என்றோ சொல்ல வேண்டும்.

அப்போதுதான் கலைவாணி டீச்சர் காலைத் தூக்கி அந்த அறைக்குள் வைத்தார். உள்ளே மாட்டியிருந்த மணியை எடுத்து வந்து ஊரே கேட்கும்படி அடித்தார்.

"யாரும் போகக் கூடாது. பையக் கழட்டுங்க. எல்லாரும் பெரிய ஹாலுக்கு வாங்க."

பழனிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டீச்சரே, நான் பொறந்ததே இந்தத் தண்ணிலதான். எனக்குத் தெரியாதா காத்தப் பத்தி?"

"தெரியும் இல்ல? நீ போ. பிள்ளைங்க வராது."

"வூட்ல தேட மாட்டாங்களா? நானாவது போய்ச் சேதி சொல்றேன்" என்று முறைத்துக்கொண்டு போய்ப் படகை எடுத்தார் பழனி.

டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். யார் அதிகாரி, யார் விருந்தாளி என்றெல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. "சார், நீங்க அஞ்சாம் வகுப்ப எண்ணுங்க. நீங்க ரெண்டு பேரும் அந்த ஜன்னலயெல்லாம் சாத்துங்க. ஏசுதாஸ் சார், அடுப்ப மறுபடி பத்த வெக்கச் சொல்லுங்க, சாயங்காலத்துக்கும் இவங்களுக்கு ஏதாவது வேணும்."

"அப்புறம்?" என்றார் சதாசிவம் சார், பழக்க தோஷத்தில்.

"அப்புறம் ஒன்னும் இல்ல சார். எண்ணுங்க!"

சதாசிவம் சார் கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு எண்ணினார். பிள்ளைகள் இடம் மாறி மாறி உட்கார்ந்ததால் முதலிலிருந்து மறுபடி எண்ணினார். சென்னை அதிகாரிகள் ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டினார்கள். என் முறையும் வந்தது. "மேடம், எதிர்க்கரைக்குப் போன் போட்டுப் பிள்ளைங்க இங்கதான் இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் இன்னொன்னு. படகுல போடறதுக்கு லைஃப் ஜாக்கெட் வேணும். யார்கிட்டயாவது சொல்லி வாங்கித் தர முடியுமா, முடியாதா?"

"வாங்கித் தரேன் டீச்சர்" என்றேன். அந்த நேரத்தில் அவர் ஏரியையே வாங்கித் தரச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

மழை சுவராக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பழனி திரும்பி வந்தார். பாதி வழி கூடப் போக முடியவில்லை. படகில் பாதி தண்ணீர், துடுப்பு ஒன்றைக் காணோம், மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் அடுப்பருகே போய்க் குந்தினார். ஏசுதாஸ் சார் தன் துண்டை எடுத்து மச்சான் தலையைத் துவட்டிவிட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் காற்று இறங்கி, வானம் வெளுத்தது. வேறு பெரிய படகு வரவழைத்து, முதல் நடையில் டீச்சரே ஏறி எதிர்க்கரை வரை போய், அம்மாக்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். புடவை முழங்கால் வரை சேறு. நேராகச் சதாசிவம் சாரிடம் வந்தார். பாடு, சீட்டு, பாபு மாதம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஏசுதாஸ் சார் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். "என் முறை இல்லாதப்ப உள்ள போயிட்டேன் சார். நான் செஞ்சது சரியா, தப்பா?"

நாங்கள் எல்லோரும் சாரையே பார்த்தோம். என்ன நினைக்கிறீங்க என்று இப்போது திருப்பிக் கேட்டால் நான் வேலையை விட்டுவிடுவது என்றே தீர்மானித்திருந்தேன். அவர் வாய் திறந்தது, மூடியது. பழக்கத்தை விழுங்க அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பதில் அதுதான்.

சென்னை அதிகாரிகளுக்கு என்ன புரிந்ததோ, அந்தப் பள்ளியில் மூன்று பேர் சேர்ந்து தலைமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், இது மிக நவீனமான முறை, மற்ற பள்ளிகளும் பார்த்துக் கற்க வேண்டும் என்று பாராட்டி எழுதிவிட்டார்கள். நான் பயந்தபடி விளக்கம் கேட்டுக் கடிதம் வரவில்லை. அந்த நவீன முறையை எந்தப் பள்ளியும் பார்த்துக் கற்பதற்குள் ஒழித்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

டிசம்பரில் போனேன். முறைப்படி அது ஏசுதாஸ் சாரின் மாதம். ஆனால் அவர் வெளியே மர நிழலில் பெஞ்சு போட்டு, பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வயிறு சரியாகிவிட்ட பாபு சார் டீ ஊற்றினார். கலைவாணி டீச்சர் கட்டிய அபராதம். நானும் இருக்க வேண்டும் என்று இதுவரை தள்ளி வைத்திருந்தார்களாம்.

"டீச்சர் உள்ள போனதுக்குத்தான் அபராதம்" என்றார் ஏசுதாஸ் சார், வாழைக்காய் பஜ்ஜியை ஊதிக்கொண்டே. "அபராதம் கட்டியாச்சு, முறை முடிஞ்சுது. ஏரிலயும் அபராதம் கட்டிட்டா, வலையில வுழுந்தத யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க மேடம், அது எடுத்தவங்களுது. நான் எழுதிக் குட்த்துட்டேன். நாற்காலி டீச்சருது."

"வீட்டுல போர்டு என்னாச்சு சார்?"

"அப்டியேதான் கீது. முன்னால 'முன்னாள்'னு ஒன்னு சேத்துட்டேன். சின்ன எழுத்து. எங்க வூட்ல கண்ணாடி போட்டாத்தான் தெரியும். அவங்க கண்ணாடி போட மாட்டாங்க."

பஜ்ஜி எண்ணெயைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். கலைவாணி டீச்சரோடு ஒரு சுற்று நடந்து முடித்து உட்கார்ந்தேன். அந்தப் பள்ளியில் முதல்முறையாகப் போன மாதம் பேசியவரே இந்த மாதமும் எதிரே இருந்தார். ஆசையாகக் கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேடம், போன மாசம் நீங்க என்ன செய்யறதா சொன்னீங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. எத்தனையோ தலைமையாசிரியர்களை அந்தக் கேள்வியால் நெளிய வைத்தவள் நான். அது இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"விசாரிச்சுட்டு இருக்கேன் டீச்சர்" என்றேன்.

"எப்பத் தருவீங்க?"

பொங்கல் முடிந்ததும் என்று சொல்லிவிட்டு வந்து, சதாசிவம் சாரை உட்கார விடவில்லை. அவரும் யார் யாரிடமோ கேட்டார். கேள்வி கேட்பதில்தான் அவருக்கு யாரும் நிகரில்லையே. ஜனவரியில் இரண்டு மூட்டை ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகளோடு திருப்பாலைவனத்தில் பஸ் மாறினேன். மூட்டையில் அடங்காத ஒன்றை வேறு வழியில்லாமல் நானே மாட்டிக்கொண்டிருந்தேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா மேடம், வண்டி முழுகிடும்னு பயமா?" என்றார் கண்டக்டர்.

"ஓட்டறவரப் பாத்தா அப்படித்தான் தோணுது" என்றேன். அவர் விசிலை ஊதிக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார்.

குப்பத்தில் இறங்கியதும் நாய், பிள்ளைகள், இறால் கூடை அம்மா எல்லோரும் ஊர்வலமாகக் கூட வந்தார்கள். கலைவாணி டீச்சர் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, நாடாவை இழுத்துப் பார்த்து அடுக்கினார். கடைசியில் கையை நீட்டினார். நான் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் நாடாவையும் இழுத்துப் பார்த்தார்.

"சரி" என்றார்.